இரண்டாம் பக்கத்தில் என் வீடு

மே 8, 2025

பேர்லினிலிருந்து பார்சல். நிப்றாஸின் கையெழுத்து. உள்ளே கறுப்பு இசைத்தட்டு ஒன்று. கடிதம் இல்லை. உறையைக் கவிழ்த்து உலுக்கியும் பார்த்தேன்.

உம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "மணிக்கூடா புள்ள? முள்ளு எங்க?"

மே 9

உறையின் பின்னால் சிறிய எழுத்தில்: இரண்டாம் பக்கம். கல்முனை, கட்டப்படும் வீடு ஒன்று, 2022. பதினொரு நிமிடம்.

என் வீடு. எங்களுக்குக் கல்யாணம் பேசிய வருடம் வாப்பா சீதன வீடாகக் கட்டத் தொடங்கியது. கொங்கிறீட் போட்ட அன்று நிப்றாஸ் மைக்கோடு ஏணியில் உட்கார்ந்திருந்தான். (நேரில் எப்போதும் 'நீங்க'. இங்கே மட்டும் அவன்.) மேசன்மார் சிரித்தார்கள்: "மாப்பிள்ளை சத்தத்தையும் அளக்கிறாரு!"

அடுத்த மாதம் பேர்லினுக்கு இசை படிக்கப் போனான். வீடு முடிந்ததும் வருவதாகச் சொன்னான். வீடு முடிந்து இரண்டு வருடம்.

அவன் அனுப்பிய அன்றைய ஒலிப்பதிவு என் போனில் இருக்கிறது. கொங்கிறீட் மெசின், மண்வெட்டி, யாரோ இருமுவது. பிறகு என் குரல்: "வாங்க, தேத்தண்ணி ஆறுது." தூரத்திலிருந்து அவன்: "இந்தா வாறன்."

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் கேட்பது. மூன்று வருடமாக.

மே 14

உம்மா மாப்பிள்ளை பார்த்திருக்கிறா. சாய்ந்தமருதில் ஒருவராம். ஸஹீத். கணித ஆசிரியர்.

"ரெண்டு கிழமைக்குள்ள முடிவச் சொல்லு மகள். ஆளில்லாத வீட்டுக்கு நான் எத்தின நாளைக்குப் பொழுதுபட்டா லைட் போடப் போற?"

நிப்றாஸுக்கு எழுதினேன்: என்ன பதில் சொல்லட்டும்?

மே 17

அவன் பதில்: "முதல்ல அதக் கேளுங்க. எல்லாம் அதில இருக்கு."

எதில் கேட்பது? இணையத்தில் இல்லை, தட்டில் மட்டும்தானாம். அதைச் சுழற்ற இங்கே யாரிடமும் ஒன்றுமில்லை.

மே 19

கேதீஸ்வரனிடம் இருக்கிறது! கெம்பஸில் எங்களோடு படித்த பெச். இப்போது அறுகம்பேயில் விடுதி நடத்துகிறான். வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன பிளேயராம்.

நிப்றாஸ் வருவதென்றால், தட்டில் சொல்லியிருப்பான்.

மே 22

கெம்பஸில் சான்றிதழ் எடுக்க ஒலுவிலுக்குப் போவதாக உம்மாவிடம் பொய். ஒலுவிலைத் தாண்டினேன், அறுகம்பேக்கு.

இரண்டாம் பக்கம். நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரே தாள அடி. அதற்குக் கீழே எங்கள் மெசின். கேதீஸ் துள்ளினான்: "நம்மட கொங்கிறீட் மெசினுக்கு ஜேர்மன்காரன் ஆடுறான் பாரு!"

மண்வெட்டி. இருமல். பிறகு நான்.

வாங்க.

வாங்க.

வாங்க.

தேத்தண்ணியை வெட்டியிருந்தான். பரவாயில்லை. 'இந்தா வாறன்' விழ வேண்டிய இடம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மௌனம். அளந்து வெட்டிய மௌனம்.

முள் கடைசி வளையத்தில் டிக், டிக் என்றது.

"மற்றப் பக்கத்தப் போடு."

போட்டான். ஏதோ ஊர். ரயில்கள்.

"என்னத்தத் தேடுற, நப்லா?"

"ஒண்டுமில்ல."

"தாளத்துக்குப் பொருந்தாததெல்லாம் வெட்டுவாங்கதானே."

"ஓம்."

பொருந்தல்லையா? யா அல்லாஹ். என்ட குரல அத்தின தரம் வெச்சிருக்கான். ஒன்ட ரெண்டு சொல்லு — அத ஏன்டா வெட்டின?

மே 23

உம்மாவிடம் ஓம் சொல்லிவிட்டேன். தட்டு அலுமாரிக்கு மேலே.

ஜூன் 2

போனிலிருந்த ஒலிப்பதிவையும் அழித்தேன். அழிக்க முன் ஒரு தரம் — இல்லை, இரண்டு தரம்.

செப்டம்பர் 6

கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள். லைட் போட உம்மா வருவதில்லை இப்போது.

அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றினேன். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று இன்னும் பழகவில்லை. குசினி வாசலில் நின்று, "வாங்க" என்றேன்.

அந்த மௌனத்துக்குள் நின்றேன்.

"இந்தா வாறன்" என்றார் ஸஹீத்.

வந்தார். தேத்தண்ணி இன்னும் சூடாகத்தான் இருந்தது.