பண்ணையார் மோட்டாருக்கு வார்னிஷ்

நவம்பர் 3, 1913. திங்கள்.

விடிந்ததிலிருந்து மழை. பட்டறைக் கூரையில் நான்கு இடத்தில் ஒழுக்கு. பாளையங்கோட்டை முழுக்க ஈரச் சாக்கு நாற்றம்.

சேரன்மகாதேவிப் பண்ணையாரின் மோட்டார் வந்துவிட்டது. கரும்பச்சை. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெயிலில் நிறுத்தி நிறுத்தி மேல்பூச்சு வெளுத்துவிட்டது. முன்மூடியில் சந்தனம் அப்பிய இடமெல்லாம் வட்டக் கறை. 24-ஆம் தேதி மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் இதில்தான். பார்த்தால் முகம் தெரிய வேண்டுமாம்.

சாலமோன் அண்ணாச்சியின் பட்டறைக்கு இது முதல் மோட்டார். இதுவரை சாரட்டு, குதிரை வண்டி, பாதிரியாரின் வில்வண்டி. டின்னில் ஒட்டிய இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் இங்கே நான் ஒருவன். அதனால் எந்தப் பூச்சு என்று முடிவு செய்வது என் தலையில். "லே ஞானம், நீ சொல்லுததுதான். கெட்டுப்போச்சின்னா நீதான்" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குடை கிழிந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 5. புதன்.

தூறல். நான்கு பலகையில் பச்சை அடித்து, மேலே நான்கு விதம் பூசிப் பார்த்தேன்.

அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது: வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய்ந்தது. நல்ல மினுக்கம். மாலைக்குள் ஈரக் காற்றில் பால் தெளித்த மாதிரி வெளுப்பு. வேண்டாம்.

குங்கிலியம், ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சியது: மஞ்சள் தட்டுகிறது. பச்சை பாசியாகிவிட்டது. விரல் வைத்தால் ஒட்டுகிறது.

தேன்மெழுகும் டர்பன்டைனும்: தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுகிறது. ஆனால் ஆழம் இல்லை. முகம் தெரியாது.

சீமை வார்னிஷ், டின்: தேன் போல. காய நாளாகும். ஈரம் ஆகாது, தூசி ஆகாது. குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைக்காதே என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. மூத்திர ஆவி பட்டால் மங்குமாம். ஆனால் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி ஆழம்.

சீமை வார்னிஷ்தான். கொட்டகையை நாலு பக்கமும் அடைத்து, கரிக் கணப்பு வைத்துக் காயவிட வேண்டும்.

நவம்பர் 8. சனி.

மழை விட்டுவிட்டு.

தேய்ப்பது சுடலை. இந்த ஜில்லாவில் அவனைப் போல் ஒரு கை கிடையாது. முதலில் நுரைக்கல் பொடியும் தண்ணீரும் வைத்துக் கம்பளித் துண்டால். கடைசித் தேய்ப்பு மட்டும் வெறும் உள்ளங்கையால். துணியில் தெரியாத மேடு கையில் தெரியும் என்கிறான்.

அந்தக் கைக்குப் பட்டறைக்குள் இடமில்லை. வேலை பின்சாய்ப்பில். தண்ணீர் சிரட்டையில், அதுவும் மேலேயிருந்து ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்கள் நாளை ஞாயிறு வேதக்கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். அண்ணாச்சி உட்பட. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பேன்.

சுடலை வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கொழும்புக் கங்காணி இரண்டு தரம் வந்துவிட்டானாம். பெண்டாட்டி மூட்டை கட்டச் சொல்கிறாள். "இந்த மோட்டார் முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன் ஐயா. நல்லா வந்துச்சின்னா உள்ள பெஞ்சுல இடம் போடுதேன், ஆள் பட்டியல்ல பேரு எழுதுதேன்னு அண்ணாச்சி வாக்குக் குடுத்திருக்காக."

ஐயா என்று சொல்லாதே என்றேன்.

"அப்பம் எப்படிக் கூப்பிட?"



நவம்பர் 14. வெள்ளி.

கடைசிப் பூச்சு. காலையில் வெயில், மத்தியானம் மேகம். சாயங்காலம் எங்கிருந்தோ ஈசல். சாக்கு மறைப்பில் ஒரு விரல் இடைவெளி, அது போதும். இடது கதவில் பதினேழு ஈசல். சுடலை வெளியிலிருந்து ஓடிவந்து, கோழி இறகின் காம்பால் ஒவ்வொன்றாக எடுத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு. சிறகு ஒன்றுகூட மிச்சமில்லை.

கொட்டகைக்குள் அவன் வந்ததை யாரும் கேட்கவில்லை. அவசரத்துக்குத் தீட்டில்லை போலும்.

பல் வலி. கிராம்பு.

நவம்பர் 19. புதன்.

இன்று மெருகு முடிந்தது. எண்ணெயும் சாம்பல் நிறக் கல்பொடியும், உள்ளங்கை. காலை முதல் மூன்று மணி வரை.

சுடலை: "மேல ஒரு கை மெழுகு இழுத்துருவமா? கல்யாண வீடு. எவன் என்னத்தக் கொட்டுவானோ."

வேண்டாம் என்றேன். புது வார்னிஷ் காற்றில் இன்னும் இறுக வேண்டும், மெழுகு அதை மூடிவிடும் என்று டின்னோடு வந்த காகிதம் சொல்கிறது. தவிர, மெழுகு பூசினால் அந்த ஆழம் கொஞ்சம் மங்கும். எனக்கு மனசில்லை.

அந்த நேரம் பண்ணையின் காரியஸ்தர் சொல்லாமல் வந்து நின்றார். முன்மூடியில் தன் மீசையைப் பார்த்து முறுக்கினார். "அடேயப்பா, கண்ணாடி கெட்டது வே!" அப்புறம்தான் மறுபக்கம் கதவில் வைத்த கையோடு சுடலை நிற்பதைப் பார்த்தார்.

"இவன் யாரு?"

"தேய்க்குத ஆளு ஐயா" என்றார் அண்ணாச்சி.

"எந்த ஊர்க்காரன்?"

சேரியின் பெயரைச் சுடலையே சொன்னான். கையைக் கதவிலிருந்து எடுத்தான். சூடான சட்டியிலிருந்து எடுக்கிற மாதிரி.

காரியஸ்தர் கதவை ஒரு தரம் பார்த்தார். வாய்க்குள்ளிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

நவம்பர் 21. வெள்ளி.

மோட்டார் போயிற்று. டிரைவரிடம் மூன்று முறை சொன்னேன். ஒரு மாதம் சோப்பு, சீயக்காய் ஆகாது. பச்சைத் தண்ணீர் மட்டும். மாட்டுத் தொழுவத்தில் நிறுத்தக் கூடாது. "சரி, சரி" என்றான்.

அண்ணாச்சி நல்ல குஷி. திங்கள் முதல் சுடலைக்கு உள்ளே இடம் என்று என்னிடமே சொன்னார். பெஞ்சில் ஓர் ஓரத்தை நான் ஒழித்துத் துடைத்து வைத்தேன்.

நவம்பர் 24. திங்கள்.

சுடலை இன்று உள்ளே வரவில்லை, பின்சாய்ப்பிலேயே இருந்தான். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று தகவல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்.

நவம்பர் 26. புதன்.

மோட்டார் திரும்பி வந்தது.

முன்மூடி, இரண்டு கதவு, மட்கார்டு எல்லாம் நீலம் பூத்த வெள்ளைத் திட்டு. சில இடத்தில் வழிந்த தாரை அப்படியே. கதவில் நான்கு விரல் இழுத்த தடம், சாணி மெழுகிய விரல்.

டிரைவர் சொன்னது: "சனிக்கிழமை காரியஸ்தர் ஆளைக் கூட்டியாந்தாரு. 'கண்ட பயலும் கை வச்ச வண்டியில மாப்பிள்ளை ஏறலாமா'ன்னு கேட்டாரு. நாலு நாள் வச்சிருந்த கோமியம், அதுல சாணியக் கரைச்சு முழுக்க மெழுகிட்டாக. தீட்டு நல்லா இறங்கணும்னு ரெண்டு நாள் தொழுவத்துலேயே நிறுத்தியாச்சு. திங்கக்கிழமை காலைல கழுவிப் பார்த்தா இந்தக் கோலம். நான் சொன்னேன். என் பேச்ச எவன் கேக்கான்?"

மாப்பிள்ளை பழைய சாரட்டில் போனாராம். பண்ணையார் கொதிக்கிறாராம். பட்டறை என்ன பதில் சொல்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டுமாம்.

நவம்பர் 27. வியாழன்.

தூக்கமில்லை. காலையில் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் நாள்பட்ட கோமியம் வாங்கிவந்து மாதிரிப் பலகைகளில் ஊற்றி, சாயங்காலம் பார்த்தேன்.

அரக்கு: பாகு மாதிரி இளகிவிட்டது. குங்கிலியம்: பிசின். சீமை வார்னிஷ்: மோட்டாரில் உள்ள அதே திட்டு. சுடலை மெழுகு கேட்ட அன்று, பலகையில் ஒரு பாதிக்கு மட்டும் வார்னிஷ் மேல் மெழுகு இழுத்திருந்தேன். அந்தப் பாதியில் ஒன்றுமில்லை. துடைத்தால் பச்சை அப்படியே பளபளக்கிறது.

ஆக, அவன் சொன்ன ஒரு கை மெழுகு இருந்திருந்தால் தப்பியிருக்கும். வேண்டாம் என்றவன் நான்.

பலகையை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோமியம்தான் என்று எழுதுவோம், மெழுகு போடாதது என் தப்பு என்றும் எழுதுவோம் என்றேன்.

"கோமியம்னு ஒரு வார்த்தை எழுதிராதலே. அவுக சுத்தத்தையே நாம குத்தம் சொன்னோம்னு ஆயிரும். அப்புறம் இந்த ஜில்லாவுல ஒரு பண்ணையாவது நம்ம பட்டறைக்கு வண்டி அனுப்புவானா?"

"அப்ப என் பேரை எழுதுங்க."

"உன் பேரை எழுதினா உன்னை அனுப்பணும். இங்கிலீஷ் டின்ன எவன் படிப்பான்? தேய்ச்சவன்னு எழுது. அவனத்தான் அவுகளும் கேக்காக."

எழுதினேன். "மேற்படி வண்டிக்கு மெருகு போட்ட கூலியாளின் கவனக்குறைவினால் நேர்ந்தது. மேற்படி ஆளை விலக்கிவிட்டோம்." என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது.

பின்சாய்ப்பில் சுடலை கம்பளித் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

"எழுதிட்டீயளா?"

ஆமாம் என்றேன்.

"கொண்டாங்க, பாப்போம். என் பேரு எங்கன இருக்கு?"

பேர் இல்லை, கூலியாள் என்றுதான் இருக்கிறது என்றேன். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்தான்.

"அப்பம் அது நானில்லைன்னு வச்சுக்கிடுதேன்."

நான் சிரிக்கவில்லை. அவன் போகும்போது மழை இல்லை. மழையாவது பெய்திருக்கலாம்.

நவம்பர் 29. சனி.

காரியஸ்தர் வந்தார். கடிதத்தில் பண்ணையாருக்குத் திருப்தி. எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பூச வேண்டும். தை மாதம் கோயில் கொடைக்கு மோட்டார் வேண்டும். மோட்டாரை இன்றே கொண்டுபோகிறார்கள், வேலை அவர்கள் கொட்டகையிலேயே நடக்க வேண்டும், யார் தொடுகிறார்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

போகும்போது அண்ணாச்சியிடம் மெல்லிய குரலில்: "மொதல்ல வந்த அந்த மினுக்கம் இருக்கு பாரும் வே, அதே மினுக்கம் வரணும். கொறைஞ்சா ஒத்துக்கிட மாட்டாக."

அவர் தலை மறைந்ததும் அண்ணாச்சி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். சுரண்டுவதற்கு என்று சொல்லிக் கதவு இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்துவிடலாமாம். முன்மூடியையும். சுடலை சேரியிலேயே இருந்து தேய்க்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது? "நீ பைய போயி சொல்லுலே. நீ சொன்னா வருவான்."

போனேன். வெட்கமில்லாமல் போனேன். தாமிரபரணியில் வெள்ளம் வடிந்து கரையெல்லாம் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. சுடலையின் கதவு தென்னங்கயிற்றால் கட்டியிருந்தது.

பக்கத்துக் குடிசைப் பெண்: "அவுக நேத்தே கங்காணியோட தூத்துக்குடிக்குப் போயிட்டாக. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும். நீங்க யாரு, பட்டறையா?"

ஆமாம் என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 30. ஞாயிறு.

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

அண்ணாச்சி மத்தியானம் வந்தார். "சரி, அவன் போனா போறான். நீதான் பக்கத்துல நின்னு பாத்தியே, நீயே தேய்."

பலகையில் உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கை கன்றிவிட்டது. மினுக்கம் வந்தது. கண்ணாடி வரவில்லை. என் முகம் வெறும் நிழலாகத் தெரிகிறது.

இந்த முறை மேலே மெழுகு. மறக்கக் கூடாது.

டிசம்பர் 2. செவ்வாய்.

மழை இல்லை, வெயிலும் இல்லை. காலை ரயிலில் சேரன்மகாதேவி. இரண்டு டின், நுரைக்கல், மெழுகு, கம்பளி, எல்லாம் ஒரு சாக்கில். வழியெல்லாம் வயல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

பண்ணை வீட்டின் பக்கவாசல். காரியஸ்தர் சாவிக்கொத்தோடு நின்றார். கொட்டகைக் கதவைத் திறக்கவில்லை.

"நீருதான் தேய்க்கப் போறீரா?"

"ஆமா."

"வேதக்காரரு, என்ன?"

"ஆமா."

"அது சரி வே. வேதத்துக்கு வாரதுக்கு முந்தி? உம்ம பாட்டன் என்ன ஆளு?"

சொன்னேன். பாட்டன் பெயரை, பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தோடு.

"அப்படிச் சொல்லும்" என்று கதவைத் திறந்துவிட்டார்.