இரண்டு துளை போட்ட வேல்

ஸ்பிரிங்வெளி தோட்டம்,
பதுளை.

அன்பு மகன் கிருஷ்ணராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ அந்த வெள்ளைக்காரன் ஊர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவி எதற்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் நான் வாயைத் திறந்தாலே, அம்மா வேலைல நிக்கிறேன், அப்புறம் எடுக்கிறேன்னு சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

வெலிமடையில் அக்கா ஜீவராணி வீட்டில் எல்லோரும் சுகம். மழையில் லீக்ஸ் பாத்தி முழுக்க அழுகிப்போய்விட்டது என்று மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். நம் லயத்து வீடுகளுக்கு மேலே மண் வெடித்த இடத்தில், சரியும் என்று சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான், ஒருவரும் திரும்பி வந்து பார்க்கவில்லை. பெரிய மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுக்கிறோம். உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் பார், லீக்ஸ் கதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ அந்தப் பழைய சண்டை விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அது உனக்கே தெரியும். ஆளைக் கொல்லச் செய்த சாமானை எண்பது வருசம் கழித்து எதற்குடா துடைத்து வைக்கிறீர்கள், அதில் ஏறிப் பறக்கச் சனம் வேறு வரிசையில் நிற்குதாமே என்று உன்னோடு சண்டை போட்டேன். நீ கோபப்படவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா அது செத்த சாமான்மா, சத்தத்தைக் கேட்டாத்தான் அதுல போன பொடியன்களை நினைப்பாங்க என்றாய். ஒரு நாள் வீடியோ அனுப்பினாய், தொண்ணூறு தாண்டிய வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் இறக்கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அப்பாவுக்குத்தான் ஒரே சந்தோசம். கிடைக்காத உதிரிப்பாகத்தை நீங்களே கையால் செய்கிறீர்கள் என்று நீ சொன்னதைக் கோயில் வாசலில் நின்று எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா.

அந்தச் சந்தோசத்தில்தான் போன பொங்கலுக்கு நீ வந்தபோது உனக்கு அந்தப் பித்தளை வேல் செய்து கொடுத்தார். நம் தேயிலைப் பெக்டரி வழக்கம் உனக்குத் தெரியாததா, கொழுந்து அரைக்கிற ரோலர் மேசையில் பித்தளைப் பட்டை தேய்ந்து கழன்றால் அதைக் குப்பையில் போட மாட்டார்கள், ஒரு துண்டை வெட்டி வேலாக ராவி மஞ்சள் கயிற்றில் கோத்து அதே மெசினில் கட்டுவார்கள். தன் பித்தளை தன் உடம்பில் இருக்கிறவரைக்கும் மெசின் ஆள் மேல் கை வைக்காது என்று ஒரு நம்பிக்கை. அப்படி ஒரு துண்டில்தான் உனக்கும் ராவினார். அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. கயிறு கோக்க ஒரு துளை போட்டார், அது ஓரத்தில் விழுந்துவிட்டது, திட்டிக்கொண்டே பக்கத்தில் இன்னொன்று போட்டார். நீ கூடச் சிரித்தாய், அப்பா வேலுக்கு ரெண்டு கண்ணு வச்சுட்டாரு என்று.

நீ அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டாய், அதோடு விட்டிருக்கலாம். நான் விட்டேனா? போன் எடுத்தபோதெல்லாம், அந்த விமானத்துல கட்டிட்டியா, கட்டிட்டியா என்று உயிரை வாங்கினேன். அம்மா, அங்க ஒரு ஆணியக்கூட எண்ணித்தான் உள்ள கொண்டு போவோம், எண்ணித்தான் வெளிய கொண்டு வருவோம், வேற ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாதும்மா என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். உன் படிப்பு பெருசா, சாமி பெருசாடா என்று கேட்டு ரெண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நீயே எடுத்து, கட்டிட்டேன்மா, பின் சீட்டுக்குக் கீழே, யாருக்கும் தெரியாது என்றாய். அன்றைக்கு நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். என்னைப் போல ஒரு மடச்சி இந்த உலகத்தில் உண்டா.

அந்த விமானம் விழுந்ததும், பின் சீட்டில் பறக்க வந்த மார்கரெட் என்கிற அம்மா செத்துப்போனதும், விமானி முதுகு உடைந்து கிடப்பதும் நீ சொல்லித்தான் தெரியும். எப்படி விழுந்தது என்று கேட்டதற்கு இன்னும் தெரியலம்மா என்றாய். போன வாரம் ஜீவராணி வந்து போனில் உங்கள் ஊர்ச் செய்தியைக் காட்டி வாசித்துச் சொன்னாள். விமானம் தலைகீழாகப் புரண்டபோது ஒரு பித்தளைச் சாமான் உருண்டு போய், விமானி பிடித்து ஓட்டுகிற கம்பியின் அடியில் சிக்கிக்கொண்டதாம், அவர் எவ்வளவு இழுத்தும் கம்பி திரும்பவில்லையாம். அந்த அம்மா தன் சட்டைப் பையில் எதையோ மறைத்துக் கொண்டுபோய்விட்டார், பையைக் காலி பண்ணச் சொன்னோம், அவர் கேட்கவில்லை என்று உங்கள் கம்பெனி சொல்லியிருக்கிறது. கீழே அந்தச் சாமானின் படம் போட்டிருந்தது. கருகி வளைந்து இருந்தது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை, கிருஷ்ணா. ஜீவராணி, என்னம்மா இது நம்ம அப்பா செஞ்சது மாதிரியே இருக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாங்கள் இவ்வளவு தூரத்தில் இருந்து கண்டுபிடித்தோம், அங்கேயே நிற்கிற உனக்குத் தெரியாமலா இருக்கும். அதனால்தான் நீ போன் எடுப்பதில்லை. எனக்கு உன்னை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருக்கிறது, ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

அப்பாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நம்ம வேல்தான்டி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போதே கத்தியோடு பெக்டரிக்குப் போய், மூன்று ரோலரிலும் கட்டியிருந்த வேல்களை அறுத்துக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். இப்போது மெசின் பார்க்கிற தினேஸ் பின்னாலேயே ஓடி வந்து, என்னா மாமா, புத்தி கெட்டுப் போச்சா, வேல் இல்லாம எவன் மெசின்ல கை வைப்பான் என்று கத்தினான். அதுக்குக் கண்ணு இல்லடா தம்பி, அறுந்து விழுந்தா யாரு எவருன்னு பாக்காது என்று சொல்லிவிட்டு அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு ரோலர் ஓடவில்லை, கொழுந்து அப்படியே கிடந்து சூடேறி வீணாகிவிட்டது. லயத்துச் சனம் நம் மேல் கொதித்துப்போய் இருக்கிறது, பைப்படியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்வதற்கு முன்னால் நாங்கள் எப்படிச் சொல்வது.

ஜீவராணி இன்னொரு வீடியோவும் காட்டினாள். செத்துப்போன அந்த அம்மாவின் மகள், நம் ஜீவராணி வயசுதான் இருக்கும். அவளுடைய தாத்தா அந்த மாதிரி விமானம் ஓட்டினவராம், அவர் உட்கார்ந்த மாதிரி ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அந்த அம்மா ஏறினாராம். எங்க அம்மா காதுத் தோட்டைக்கூடக் கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் ஏறினாங்க, அவங்க பையில ஒண்ணுமே இல்ல என்று சொல்லி அந்தத் தோட்டை விரித்த கையில் வைத்துக் காட்டுகிறாள். அதற்குக் கீழேயும் சனம், உன் அம்மா செஞ்ச வேலையால ஒரு விமானிக்கு முதுகு போச்சு என்று எழுதியிருக்கிறதாம். செத்தும் அந்தப் புண்ணியவதிக்குத் திட்டு. நம் வீட்டுச் சாமானுக்கு அவள் ஏன்டா திட்டு வாங்க வேண்டும்?

நீ போய்ச் சொல்லிவிடு சாமி. விசாரிக்கிறவர்கள் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்காமல் நீயாகப் போ. சொன்னால் வேலை போகும், விசா போகும், பிடித்து உள்ளே வைத்தாலும் வைப்பார்கள், அவ்வளவும் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஜீவராணி இரண்டு நாள் என் காலைப் பிடித்து அழுதாள், அவனாத் தப்பிச்சுக்கிட்டான், நீங்க ஏம்மா மாட்டி விடுறீங்க என்று. என் வயிறு மட்டும் எரியாதா? ஆனால் நீ தப்பிக்கவில்லை ராசா. தப்பித்தவன் அம்மாவோடு பேசுவான். ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு போ, தனியாகப் போகாதே, அழுதாலும் பரவாயில்லை, முழுக்கச் சொல். அப்புறம் அந்த மகளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். அவள் காறித் துப்பினாலும் நின்று வாங்கிக்கொள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு மோட்ச விளக்கு ஏற்றலாம் என்று எண்ணெய்ப் போத்தலோடு கோயிலுக்குப் போனேன். பூசாரி சின்னராசா பெயர் கேட்டார், மார்கரெட் என்றேன். வெள்ளைக்காரம்மா பேராச்சே, உங்களுக்கு அவங்க என்ன வேணும் என்று கேட்டார். விளக்கு ஏற்றாமலே திரும்பி வந்துவிட்டேன், போத்தல் அடுப்படியில் அப்படியே இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி குல்லா போட்டுப் படு, உனக்குப் பனி ஆகாது. எங்கே எந்த நிலையில் இருந்தாலும் நீ என் பிள்ளைதான், எந்த நாளில் திரும்பி வந்தாலும் இந்தக் காம்பராவில் உனக்குச் சோறு இருக்கும். அம்மன் உனக்கு வாயைத் திறக்கத் தைரியம் கொடுக்கட்டும். அந்த வேல் யார் செய்தது என்று கேட்டால் அப்பா முருகையா என்று சொல், அவரே அப்படிச் சொல்லச் சொன்னார். யார் கட்டச் சொன்னது என்று கேட்டால் கீழே இருக்கிற பெயரைக் காட்டு. நீ சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, அன்றைக்கே நான் போய்ப் பூசாரி கேட்டதற்குப் பதில் சொல்லி விளக்கை ஏற்றுகிறேன்.

இப்படிக்கு,
அதைக் கட்டச் சொன்ன உன் அம்மா,
முருகையா விஜயலெட்சுமி.