காலியாக இருக்கக்கூடாத நாற்காலி

அன்புள்ள அப்பா,

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு நீங்கள் கேட்ட வரலாற்றை எழுதிவிட்டேன். ஐந்து தச்சர்கள் சகோதரர்களாக இருப்போம் என்று உறுதி எடுத்துச் சங்கத்தைத் தொடங்கியது, இலவச மருத்துவமனை கட்டியது, எல்லாம் இருக்கிறது. இறந்த சகோதரரின் பிள்ளைக்குப் பள்ளி விழாவில் பெற்றோர் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்ற விதியை மட்டும் எழுதவில்லை.

மூன்று வருடமாக, சங்கச் சகோதரராக இருந்து மறைந்த தபால்கார மாமாவின் மகள் பக்கத்தில்தான் உட்காருகிறீர்கள். அம்மாவுக்கு லீவு கிடைப்பதில்லை. என் பக்கத்து நாற்காலியில் என் புத்தகப்பை உட்காருகிறது.

நேற்று விழா மேடையில் நான் கட்டுரைப் பரிசு வாங்கி வந்ததும் அவள், "உங்கப்பா கை தட்டின தட்டுல என் காதே அடைச்சுப்போச்சுடி!" என்றாள். அதைக்கூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

விதிக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். உயிரோடிருக்கும் சகோதரர்களின் பிள்ளைகளுக்கும் ஏதாவது விதி இருந்தால், அதையும் நீங்களே எழுதிவிடுங்கள்.

உங்கள் சொந்த மகள்