அன்று நான் ஆடிக் காட்டியது

தொமோயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மற்றதெல்லாம் இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரியும். நீ அங்கே வின்னிபெக்கில் சுகம் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, உன் குளிரும் இருமலும் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் என்னிடம் வருகின்றன. எட்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. சரக்குப் பெட்டிக்கு மேல் ஒட்டும் சீட்டைத் தவிர நான் வேறொன்றும் எழுதிப் பழகியவன் இல்லை, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. துறைமுகத்தில் இந்த வருஷம் பனி தடிப்பாக உறையவில்லை. சால்மன் வரத்து பாதிக்கும் கீழே, மீன் முட்டைக்கு ஒரே அடிதடி. கடற்பாசி மட்டும் நன்றாக வந்தது, அகலமும் கனமும் இரண்டும் இருந்தன, ஓசாகாக்காரர்கள் வாய் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கிடங்கின் மேற்குப் பக்கத்துக் கூரையை மாற்றிவிட்டேன். எனக்குப் போன மாதம் எழுபது முடிந்தது. நீ அனுப்பிய ஊதா நிறப் போர்வை வந்து சேர்ந்தது, எழுபதுக்கு ஊதாதான் கொடுக்க வேண்டும் என்பதை அவ்வளவு தூரத்தில் இருந்தும் மறக்காமல் இருந்தாயே என்று அன்றைக்கு எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த எழுபதாம் வயது விருந்தில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நண்டு வியாபாரி ஹமகுச்சி இரண்டு கோப்பை உள்ளே போனதும் எழுந்து, அண்ணே எழுபது வயசுல என்ன பரிசு வேணும்னு எங்களைக் கேக்காதீங்க, நீங்கதான் எங்களுக்குத் தரணும், பழைய ஆட்டத்த ஒரு தடவ போடுங்கன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் எழுந்துவிட்டேன். மேசை விரிப்பை உருவி இடுப்பில் கட்டி, இரண்டு சிப்பி ஓட்டைச் சட்டையில் செருகி, ஒற்றைக் காலில் நின்று மணிக்கட்டை வளைத்துக் கண்ணை மூடி ஒரு சுற்றுச் சுற்றி மெத்தையில் விழுந்து எழுந்து நடுவர்களுக்குக் கும்பிடு போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் அம்மா எழுந்து நின்றாள். நாற்பத்தோரு வருஷத்தில் அவள் ஒரு சபையில் குரல் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சா, அப்ப நான் கிளம்பறேன் என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த பட்டு உடுப்போடேயே பனியில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனபோது முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். வயசாயிடுச்சு உனக்கும் கோபம் வருது என்று கேலியாக ஆரம்பித்தேன். கத்தியை நிறுத்தாமல் அவள் சொன்னது இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க முதல்ல இந்த ஆட்டத்த ஆடின அன்னிக்கு நம்ம தொமோயா அந்தக் கூடத்து வாசல்லதான் நின்னான், உங்க கோட்டைக் கையில வச்சுக்கிட்டு. நீங்க ஒத்தக் கால்ல நின்னதுலேருந்து விழுந்து கும்பிட்டது வரைக்கும் பூராவும் பார்த்தான். வீட்டுக்கு வந்து எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா, அப்பா நல்லாத்தாம்மா செஞ்சாரு, கை மட்டும்தான் தப்புன்னான். இதை எட்டு வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன், இன்னிக்கு மறுபடியும் அதே ஆட்டத்த ஆடிட்டீங்க.

தொமோயா, எனக்குத் தெரியாது. இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அன்றைக்குக் கடற்பாசிப் பருவம் முடிந்த விருந்து, விடியற்காலையில் எழும் கூட்டம் என்பதால் மதியமே குடித்து மாலை நாலு மணிக்கெல்லாம் கலைந்துவிட்டோம். வெளியே வந்தபோது நீ வண்டியை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாய். எவ்ளோ நேரமாடா நிக்கறே என்று கேட்டேன், இப்பதாம்ப்பா வந்தேன் என்றாய். என் கோட்டு பின் இருக்கையில் மடித்து வைத்திருந்தது. கோட்டை நான் கழற்றி மாட்டியது உள்ளே கூடத்தின் ஆணியில். அது எப்படி வண்டிக்கு வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். தராசு முள்ளு மயிரிழை ஆடினாலும் கண்டுபிடிக்கிறவன் நான், இதைக் கோட்டைவிட்டேன்.

ஏன் ஆடினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சமாதானம் சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன். அந்த வருஷம் அம்மா கல் ஒட்டிக் கொடுத்த சட்டையில் நீ பனிச்சறுக்கு நடனம் ஆடி டிவியில் வந்தாய். மறுநாள் ஏலத்தில் ஹமகுச்சி எல்லார் முன்னாலும், குமாகை அண்ணே, உங்க கடை மீன் செதிலெல்லாம் எங்க போவுதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது, பையன் சட்டையில ஒட்டியிருக்கீங்க என்றான். இன்னொருத்தன், டிவில பார்த்தோம், உங்க வீட்டு மருமக நல்லா ஆடுது என்றான். நம் ஊர் உனக்குத் தெரியும், முன்பல் ரெண்டு விழுந்தால்தான் இங்கே ஆம்பளை, ஹாக்கி மட்டையோடேயே தொட்டிலில் போடுவார்கள். உனக்கும் நாலு வயதில் மட்டை வாங்கித் தந்தேன், நீ அதைக் கூட்டாளியின் தோளில் கைபோடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து ஆடினாய். பதினைந்து வயதில் பெட்டி சுமக்க வந்த எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. சரக்கில் ஒரு குறை இருந்தால் வாங்குபவன் கண்டுபிடிக்கும் முன் நீயே எடுத்துக் காட்டிவிடு, நீயே சிரித்துவிடு, அப்புறம் அவனால் விலையைக் குறைக்க முடியாது. நுனி வெளுத்த கடற்பாசியை அப்படித்தான் ஐம்பது வருஷமாக விற்கிறேன். அதே வித்தையை உன் விஷயத்திலும் காட்டினேன். அவர்கள் சிரிப்பதற்குள் உன்னைப் போல ஆடிக் காட்டி நான் சிரித்துவிட்டால் வாய் அடைந்துபோகும் என்று நினைத்தேன். அடைந்தும் போனது. அன்றிலிருந்து எவனும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. உன்னிடம் குறையே இல்லை என்பதும், நீ சரக்கு இல்லை என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து நம் ஊர் அரங்கிலேயே கிழக்குப் பகுதிப் போட்டி நடந்தது. அம்மா வசந்தகாலத்தில் இருந்து மீன் முள் எடுக்கிற முள்வாங்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒட்டிய வெளிர்நீலச் சட்டையை நீ போடவில்லை. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பாட்டையும் மாற்றி வெறும் மேளச் சத்தம். நான் கடைப் பெயர் போட்ட அங்கியை மாட்டிச் சங்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் பெயர் தைத்த துணி தொங்கியது, நான் மட்டும் படகில் பெரிய மீன்பாடு விழுந்தால் ஏற்றுவோமே, அந்தக் கொடியைக் கொண்டுவந்து முன்வரிசையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்பளையா நாலு சுத்து சுத்திட்டு வாடா, கையக் கால ஆட்டறதெல்லாம் பொம்பளைங்க பாத்துப்பாங்க என்று முதல் நாள் உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா. நீ எகிறிக் குதித்துக் காற்றிலேயே நாலு சுற்றும் சுற்றி நின்றாய். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரே ஒரு இடத்தில் தேசியப் போட்டி தவறியது, நடுவர்கள் கண் கெட்டவர்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். வசந்தத்தில் நீ கனடா போனாய், பிழைப்புக்குப் போகிறான், கெட்டிக்காரன் என்றும் சொன்னேன். அந்தப் போட்டியை எடுத்த வீடியோ படம் என் கைபேசியில் இருக்கிறது, வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

அம்மா சொன்ன பிறகு அதை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை உன் காலைப் பார்க்கவில்லை. நாலரை நிமிஷமும் உன் இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன, விரல்கள் மடக்கியிருந்தன, குதிக்கும்போது மார்பில் கட்டிக்கொண்டதோடு சரி. மறுநாள் உன் ஓனோதெரா டீச்சரைத் தேடிப் போனேன், இன்னும் அதே அரங்கில்தான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எட்டு வருஷம் கழிச்சு இதைக் கேக்க வந்தீங்களா குமாகை சார் என்று கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார். குதிச்சதுக்கெல்லாம் மார்க் வந்துச்சு சார், ஆடினதுக்குத்தான் வரல, ஆடவே இல்லையே அவன், என்றார். முடிச்சிட்டுத் தடுப்புப் பலகை ஓரமா வந்தப்ப நான் திட்டினேன், ரெண்டு கையையும் வீட்டுலயே வச்சிட்டு வந்தியாடான்னு. அதுக்கு அவன், எதிர்ல அப்பாவோட ஆளுங்க இருக்காங்க டீச்சர், நான் கையத் தூக்கினா அவங்களுக்கு அந்த விருந்து ஞாபகம் வந்துடும், என்னைச் சிரிச்சாப் பரவாயில்ல, அப்பா நடுவுல கொடியப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு, அவரைப் பாத்துச் சிரிப்பாங்கன்னான்.

அவ்வளவுதான் சொன்னார். பனித்தரையில் சின்னக் குழந்தைகள் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். உன்னால் எனக்கு அவமானம் வந்துவிடுமே என்று நான் உன்னை விற்றேன், நான் ஆடிய கூத்தாலேயே எனக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்று நீ உன் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தாய். பத்தொன்பது வயதில். நம் இருவரில் யார் ஆம்பளை என்று இப்போது யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

அங்கிருந்து நேராக ஹமகுச்சியின் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கையில் இருந்த நண்டைக் கீழே வைத்தான். அண்ணே, நாங்க அன்னிக்கு டிவி பார்த்தோம்ல, எங்க வீட்டுல ஒருத்தரும் மூச்சு விடல, எங்க அப்பா செத்தப்பக்கூட அழாதவன் நான், உங்க பையன் அந்தக் கைய விரிச்சப்ப எனக்கு என்னமோ ஆயிடுச்சு, மறுநாள் அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நமக்குத்தான் அந்தப் பேச்செல்லாம் வராதே, அதான் மீன் செதில்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றான். நீங்க ரெண்டு அடி போடுவீங்கன்னுதான் நினைச்சேன், ஆடிக் காட்டுவீங்கன்னு நினைக்கவே இல்ல என்றான். அவனை நான் என்ன செய்வது. அவன் கேட்டது வெறும் வாய்ப்பேச்சு, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.

நீ அங்கே குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் படத்தை அம்மா காட்டினாள். அப்படிக் கைய வை, இப்படிக் கைய வை என்று வாயால் சொல்கிறாய், உன் கை இரண்டும் கோட்டுப் பையில் இருக்கின்றன. குளிர் என்று அம்மா சொன்னாள்.

அம்மா மார்ச் பதினாலாம் தேதி அங்கே வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று, ஒரு டிக்கெட்தான். அவள் கேட்கவும் இல்லை, எனக்கு வர முகமும் இல்லை. வான்கூவரில் விமானம் மாற வேண்டும், அவளுக்கு மொழி தெரியாது, அங்கே யாரையாவது சொல்லி வை. அவள் முழங்கால் சரியில்லை, படியில் ஏற்றாதே. உப்பு குறைத்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். உனக்கு நல்ல கடற்பாசி இரண்டு கட்டு கொடுத்தனுப்புகிறேன், கொதிக்கவிடாதே, நீரில் ஊறவைத்துச் சூடு ஏறும்போதே எடுத்துவிடு. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மரியாதைக்காக எழுதுவது என்றால் எழுதவே வேண்டாம். மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதுதான் உன் குணம், அது எனக்குக் கட்டுபடியாகாது.

கால் உறுதியாக, மூட்டு நோகாமல், நல்லவர்கள் நடுவில் நீண்ட ஆயுளோடு இரு. ஒன்று மட்டும் மறவாதே. அந்தக் கையைப் பையிலிருந்து எடு. அங்கே முன்வரிசையில் நான் இல்லை, நான் இல்லாத இடத்திலாவது அதை முழுசாக உயர்த்தி ஆடு.

குஷிரோவிலிருந்து
உன் அப்பா
குமாகை தெட்சுசோ