நீங்கள் போட்டுக்கொள்ளாத ஊசி

என் செல்ல அப்பாவுக்கு,

உங்கள் மானத்தை வாங்கிவிட்டேன். மற்றவர் வாயால் உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். எழுதவே கூசுகிறது.

கொரோனா ஊசி போட நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் வைத்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் முகாமுக்குப் போகவில்லை. படகை எடுத்துக்கொண்டு பிச்சாவரம் காட்டுக்குள் போய், முகாம் முடியும்வரை சுரபுன்னை மரங்களின் மறைவில் உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பும்போது கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி. "கை கடுக்குது" என்று முனகியதை நம்பி அம்மா நண்டு ரசம் வைத்துக் கொடுத்தார்.

சிதம்பரத்திலிருந்து அன்று நான் வந்திருந்தேன். பிளாஸ்திரி நனைந்திருக்கிறதே என்று பிரித்தால், ஊசி பட்ட தடமே இல்லை. அசடு வழிந்தீர்கள்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. புயல்ல படகு வுட்டவன் ஊசிக்கு பயந்துட்டான்னா தொறையில ஒருத்தனும் மதிக்க மாட்டான். என் தலமேல கைய வெச்சி சத்தியம் பண்ணு."

சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன்.

சில மாதங்களில் உங்களுக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் அடைப்பு, பீடியை விடாததும் ஒரு காரணம் என்று கடலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "கல்லு மாரி இருந்த மனுஷன், ஊசி போட்டாரு, போயிட்டாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். என் ஒரு வார்த்தையில் அந்தப் பேச்சு நின்றிருக்கும். பயந்தாங்கொள்ளி என்று உங்களைச் சிரிப்பதைவிட இது பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களைக் காட்டி எத்தனை பேர் ஊசிக்குப் போகாமல் இருந்தார்களோ?

இப்போது உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், அப்பா. தம்பி செந்திலின் மகள். உங்கள் மூக்கு அப்படியே. பிறந்தவுடன் போடும் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். ஒன்றரை மாத ஊசிக்குத்தான் செந்தில் விடவில்லை. வீடு தேடி வந்த நர்ஸம்மாவையும் திருப்பி அனுப்பிவிட்டான். அதற்குள் பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாரித்து, சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அன்றே ஊருக்கு பஸ் ஏறினேன்.

செந்திலின் மனைவி காயத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்குக்கா ஊசி? காய்ச்சல் வருதாமே? நாளு வேற தள்ளிப் போச்சி, இனிமே போட்டா புடிக்குமா?"

என் பிள்ளைக்குப் போடும்போது நானும் இதையேதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். நோய் வந்தபிறகு போடுவதற்கு இது மருந்து இல்லை. நோய் வந்தால் எப்படி எதிர்ப்பது என்று உடம்பு முன்கூட்டியே கற்றுக்கொள்ளத்தான் போடுகிறார்கள். ஓரிரு நாள் காய்ச்சல் வருவதும் ஊசி போட்ட இடம் வீங்குவதும் சகஜம். அபூர்வமாக யாருக்காவது ஒவ்வாமை வரலாம், அதனால்தான் போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

"எனக்கு சம்மதம்க்கா. அவருகிட்ட நீங்களே பேசுங்க" என்றாள்.

பேசினேன். செந்தில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஊசிக்கு எங்கப்பாவ குடுத்தது போதும். எம்பொண்ணையும் குடுக்க மாட்டன்."

"அப்பா ஊசியே போடலடா!" என்று கத்திவிட்டேன். காடு, படகு, பிளாஸ்திரி எல்லாவற்றையும் கொட்டினேன்.

முதலில் சிரித்தது அம்மாதான். "பாவி மனுஷா, நண்டு ரசம் வேற வெச்சி குடுத்தனே!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காயத்ரியும் சிரித்தாள். உங்கள் படத்துக்கு எதிரிலேயே நானும் சிரித்தேன், அப்பா.

செந்தில் சிரிக்கவில்லை. "இத்தினி வருஷமா ஒனக்கு இது தெரியுமா?" என்று கேட்டான். தலையாட்டினேன்.

"அன்னிக்கி காலையில சண்ட போட்டு அப்பாவ முகாமுக்கு அனுப்பினது நான்தான்க்கா. நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கறன்."

ஊசிப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து போவதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். போன மாதம் போனில் அவனை முட்டாள் என்றுகூடத் திட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

புதன்கிழமை குழந்தையை அவனே தூக்கிக்கொண்டு போனான். அவள் வீறிட்டு அழுதாள். மறுநாள் லேசாகக் காய்ச்சல். நர்ஸம்மா கொடுத்த காய்ச்சல் மருந்தில் இறங்கிவிட்டது. இப்போது பால் குடித்துவிட்டுக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறாள். என்னோடுதான் அவன் இன்னும் சரியாகப் பேசவில்லை. நான் எந்த முகத்தோடு பேசுவது?

ஆனாலும் பேசுவேன், அப்பா. அடுத்த ஊசிக்கு அவனோடு நானும் போவேன். அதற்கு முன்பே அவன் எதிரில் உட்கார்ந்து, உங்கள் சத்தியத்தைச் சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பேன். உங்கள் பெயரைக் காப்பாற்ற இனி ஒருபோதும் உங்கள் பிள்ளையைத் தவிக்க விட மாட்டேன்.

உங்களுக்கு நல்ல மகளாக இருக்கப்போய்,
தம்பிக்கு அக்காவாக இல்லாமல் போன,
உங்கள் பாப்பா.