குரவை கேட்ட வீடு

கட்டார்,
10.01.2025

அன்பின் நதீரா அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் கோபம் முந்திவிடும். அதனால் ஊருக்கு வரும் நளீமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் அண்ணன் றஸாக் காக்கா, அஸர் தொழுதுவிட்டு வரும்போது நம் வீட்டுக்குள் பெண்கள் கலியாண வீடு போலக் குரவையிடுவதைக் கேட்டாராம். "தம்பி, மகளுக்குக் கலியாணம் பேசி முடிச்சிட்டியாம். எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல்லயே!" என்கிறார். பெற்றவனுக்கே தெரியாமலா? உள்ளதை எழுது.

ஷரிபுதீன்

கல்முனை,
20.01.2025

கண்ணியமுள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கலியாணமும் இல்லை, பேச்சும் இல்லை, அல்லாஹ் அறிவான். நம் மகள் ஆகிலா பள்ளிக்கூடத்தில் பழகிய ஏரோபிக்ஸை, தாளத்துக்கு ஆடிச் செய்யும் அந்த உடற்பயிற்சியை, நம் ஹோலில் பெண்களுக்குப் பழக்குகிறாள். யன்னலுக்குத் திரை போட்டிருக்கிறோம். பாட்டு இல்லை, றபான் தட்டித்தான் தாளம். எல்லோரிலும் பாரமான நம் பக்கத்து வீட்டு பாஹிமா அன்றைக்கு முதல்முறை பிசகாமல் சுற்றி ஆடி முடித்தாள். சந்தோஷத்தில் குரவை தானாக வந்துவிட்டது. காக்கா கேட்டது அதைத்தான்.

முழங்கால் நோவால் கதிரையில் இருந்து தொழுத நான், இப்போது நிலத்தில் தொழுகிறேன். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து ஒன்றையும் பிடிக்காமல் எழும்புகிறேன், அல்ஹம்துலில்லாஹ். மகளால் கிடைத்தது இது.

அடுத்த மாதம் பெண்கள் மட்டும் பார்க்கும் போட்டி இருக்கிறது. ஆகிலாவின் குழுவில் நானும் ஆள். ஆனால் உங்கள் கடிதம் கண்ட அன்றே கதவைப் பூட்டி, பழகுவதை நிறுத்திவிட்டேன். பாஹிமா வாசலில் நின்று, "புரிசன் கட்டாருல. வீட்டுத் திறப்பையும் அவருட்டயா குடுத்தனுப்பின?" என்று நையாண்டி பண்ணுகிறாள். இது உம்மா எனக்குத் தந்த சீதன வீடு. பூட்டுத் திறப்பும் என் கையில்தான். என்றாலும் உங்கள் மனம் நொந்திருக்க என் கால் அசையாது. மகள் என்னோடு கதைக்காமல் திரிகிறாள். போட்டிக்குப் போகட்டுமா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
நதீரா

கட்டார்,
31.01.2025

அன்பின் நதீராவுக்கு,

நீ நிலத்தில் தொழுவதை வாசித்த இடத்திலேயே என் கோபம் இறங்கிவிட்டது. கதவைத் திற. போட்டிக்குப் போங்கள்.

காக்காவுக்கு நானே போன் எடுத்து விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப என்ட பொஞ்சாதியையும் சேர்த்துக்க ஏலுமா?" என்கிறார். ஆகிலாவிடம் கேட்டுப் பார்.

இங்கே றூமில் கூட இருப்பவர்கள், மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், படிக்கிறாள் என்பேன். இன்றைக்கு, ஊர்ப் பெண்களுக்கு ரீச்சர் என்றேன். உடனே ஒருவன், "எத்தன பேரு நானா பழகுறாங்க?" என்கிறான். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதே. அடுத்த கடிதத்தில் எல்லாம் விபரமாக எழுது. பெருமையடிக்கும்போது தடுமாறக் கூடாது.

ஆகிலாவின் வாப்பா