மேலே சட்டை, கீழே சாரம்

நவம்பர், வெள்ளி இரவு

நாங்கள் இருக்கும் ரொம்சோஸில் இருட்டிவிட்டது, மாமாவின் அமெரிக்காவில் நண்பகல். காணொளியில் சட்டையும் அலுவலக அட்டையுமாக வந்தார்.

"தற்காலிக நிதிச் சட்டம் நிறைவேறிட்டுது அக்கா. காசில்லாமல் பூட்டின அரசாங்க ஒஃபிஸ் எல்லாம் திறந்தாச்சு. நானும் வேலையிலைதான்."

அம்மா நிம்மதியாகத் தேநீர் போடப் போனார். எனக்குச் சந்தேகம். பின்னால் தெரிந்தது மாமா வீட்டுத் திரைச்சீலை.

"மாமா, கதிரைக்குக் கீழை எலி!"

இடுப்பு முடிச்சைப் பிடித்தபடி துள்ளி எழும்பினார். மேலே அரசாங்கம், கீழே சாரம்.

"வீட்டிலையிருந்து வேலையடா."

"அப்ப லப்டொப் எங்கை?"

"அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை. என்னை இன்னும் வேலைக்குக் கூப்பிடேல்லை."

இன்னும் கூப்பிடவில்லையா, இனிக் கூப்பிடவே மாட்டார்களா?

அம்மா தேநீரோடு வந்து என்னைப் பார்த்தார். "என்னடா, இண்டைக்குக் குழப்படி ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்றேன்.